ஏழு பலகை, ஐந்து பாழ்: யுவி வெளிச்சத்தை நொடிக்கணக்கில் பிடித்த கதை

வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை (பிசிபி) செய்யும் முயற்சி. முதல் நான்கு பலகைகளும் குப்பைக்குப் போன பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அதுவரை "இந்தத் தடவை கொஞ்சம் கூட்டுவோம்", "சரி, இந்தத் தடவை குறைப்போம்" என்று யுவி (புற ஊதா) வெளிச்சம் காட்டும் நேரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நேரத்தில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை என்று தெரியவந்தபோது கையில் இருந்த செம்புப் பலகையில் பாதி தீர்ந்திருந்தது.

செய்ய வேண்டியிருந்தது சின்ன வேலைதான். 100 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், ஒரு பக்கம் மட்டும் செம்பு. நடுவில் ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப், 32 கால்கள் கொண்ட சதுர வகை. ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு 0.8 மி.மீ. சுற்றிலும் 0.25 மி.மீ. டிராக்குகள் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்), அவற்றுக்கு நடுவே 0.25 மி.மீ. இடைவெளி. இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்து ஜெராக்ஸ் மைப்பொடியான டோனரை ஒட்டவைக்கும் முறையில் இதற்கு முன் பல பலகைகள் செய்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு நெருக்கமான கோடுகளுக்கு அது என் கையில் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. அதனால்தான் ஃபோட்டோரெசிஸ்ட், அதாவது வெளிச்சம் பட்டால் தன்மை மாறி, தேவையான செம்பை மட்டும் மூடிக் காக்கும் பூச்சு.

நான் வாங்கியது டிரை ஃபிலிம். டூபான்ட் நிறுவனம் 1968-ல் ரிஸ்டன் என்ற பெயரில் கொண்டுவந்த சரக்கின் வழிவந்தது. நீல நிறச் சுருள். நடுவில் ரெசிஸ்ட், இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். உள்பக்கத் தாளை உரித்துவிட்டு, நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த செம்பின் மேல் லேமினேட்டரில் விட்டு ஒட்ட வேண்டும். மேல்பக்கத் தாளை வெளிச்சம் காட்டி முடிக்கும்வரை உரிக்கக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் ரெசிஸ்ட் சரியாக இறுகாது. இது நெகடிவ் வகை, அதாவது வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் டெவலப்பரில், அதாவது சலவைச் சோடாக் கரைசலில், கரைந்துபோகும். ஆகவே ஃபிலிமின் மேல் வைப்பதற்காக ஜெராக்ஸ் கடையில் அச்சடிக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் (ஓஹெச்பி தாள்) டிராக் எல்லாம் வெறுமையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் இருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு 395 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவி எல்இடி பட்டை. மீட்டருக்கு 60 விளக்கு, 12 வோல்ட். 15 செ.மீ. துண்டுகளாக எட்டு வெட்டி, ஒரு பழைய மேசை டிராயரின் அடியில் ஒன்றரை செ.மீ. இடைவெளியில் வரிசையாக ஒட்டினேன். மொத்தம் 72 விளக்கு. அதற்கு 8 செ.மீ. மேலே ஃபோட்டோ ஃபிரேமில் இருந்து கழற்றிய கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தைத் தாராளமாக விடும். பாலிகார்பனேட் ஷீட் வைத்தால்தான் வம்பு. பார்க்கத் தெளிவாக இருந்துகொண்டே யுவியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஃபிலிமுக்கு 365 நானோமீட்டர் பக்கம்தான் பசி அதிகம், 395-லும் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானில் இருக்கும் யுவி குழலைக் கழற்றிப் பயன்படுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடவே கூடாது. அது 254 நானோமீட்டர், கிருமியைக் கொல்வதற்கானது. மூடியில்லாமல் எரியவிட்டுப் பக்கத்தில் நின்றால் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இரவெல்லாம் உறுத்தும். அது போதாதென்று, அந்த வெளிச்சம் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரவும் வராது. குழல்தான் வேண்டும் என்றால் பூச்சிகளை இழுத்துக் கொல்லும் விளக்குப் பெட்டியில் இருக்கிற நீலக் குழலைப் பாருங்கள், அது 365 பக்கத்தில் இருக்கும்.

நான்கு தோல்விகள்

முதல் பலகைக்கு 180 நொடி. தெரிந்த ஒருவர் "மூணு நிமிஷம் குடுங்க, போதும்" என்றார். அவருடைய பெட்டி வேறு, விளக்கு வேறு, ஃபிலிம் வேறு என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. டெவலப்பரில் போட்டுத் தூரிகையால் வருடியபோது டிராக்குகள் அருமையாக நின்றன. இடைவெளிகளில் மட்டும் ஒரு மெல்லிய நீலப் படலம், போகவே மாட்டேன் என்றது. மூடாத செம்பைத் தின்னும் ஃபெர்ரிக் குளோரைடில் முக்கியபோது படலம் இருந்த இடமெல்லாம் செம்பு அப்படியே மிச்சமாகி, 32 கால்களில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் கூடிவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டாவதற்கு 45 நொடி. இடைவெளிகள் பளிச்சென்று வந்தன. ஆனால் டிராக்குகள் வழவழவென்று ஊதி, தூரிகை பட்டதும் நூல் நூலாகக் கழன்று மிதந்தன.

மூன்றாவதற்கு 90. இது கிட்டத்தட்ட வெற்றி. நடுப்பகுதி கச்சிதம். நான்கு மூலைகளிலும் மட்டும் டிராக் கழன்றுவிட்டது. செம்பைச் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான்காவதை இன்னும் கவனமாகத் தேய்த்து, அதே 90 நொடி கொடுத்தேன். இந்தத் தடவை நடுவிலேயே நீலப் படலம்! முதல் பலகையில் 180 நொடிக்கு வந்த அதே நோய், பாதி நேரத்தில்.

மாறியிருந்தது ஒன்றே ஒன்று. முதல் தாளில் மடிப்பு விழுந்துவிட்டதால் நான்காவது பலகைக்கு வேறொரு ஜெராக்ஸ் கடையில் புதுத் தாள் எடுத்திருந்தேன். திரும்பப் போய்க் கேட்டேன். "டோனர் சேவ்லதான் சார் ஓடுது, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் கடைக்காரர். சாதாரண எழுத்து படிக்க அது போதும்தான். ஆனால் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு என்று நான் நம்பியிருந்த இடத்தில் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவர் தெரிந்தது.

அட்டை நகர்த்தும் சோதனை

தொழிற்சாலைகளில் இதற்கு ஸ்டௌஃபர் படித்தாள் என்று ஒன்று வைத்திருப்பார்கள். சின்ன ஃபிலிம் துண்டு, அதில் 21 கட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஒரு படி ஏறினால் வெளிச்சம் 1.41-ல் ஒரு பங்காகும், இரண்டு படி ஏறினால் பாதி. பலகையின் ஓரத்தில் அதை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால் எந்தப் படிவரை ரெசிஸ்ட் நிற்கிறது என்று எண்ணிவிடலாம். ஃபிலிம் செய்பவர்கள் பெரும்பாலும் ஏழாம் படி, எட்டாம் படி நிற்க வேண்டும் என்று சொல்வார்கள்.

இதில் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது. ஏழாம் படியில் விழும் வெளிச்சம் மொத்தத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த ஒன்பதில் ஒரு பங்குக்கே ரெசிஸ்ட் இறுகி நிற்கிறது. அப்படியானால் ரெசிஸ்ட் பிடித்து நிற்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டுமோ அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு கொடுத்தால்தான் மெல்லிய கோடுகள் டெவலப்பரைத் தாங்கும். அதே கணக்கைக் கறுப்பின் பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். நம் தாளின் கறுப்பு ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சத்தைக் கசியவிட்டால் கறுப்புக்கு அடியிலும் ரெசிஸ்ட் இறுகிவிடும். இருபதில் ஒரு பங்கு கசிந்தால்கூடப் படலம் படியும்.

அந்தப் படித்தாள் என்னிடம் இல்லை. அதற்குப் பதில் நேரத்தையே படியாக்கினேன். 2 செ.மீ. அகல செம்புப் பட்டையில் ஃபிலிமை ஒட்டி, அதன் மேல் ஜெராக்ஸ் தாளை வைத்தேன், நீளவாக்கில் பாதி வெறும் தாள், பாதி முழுக் கறுப்பு. வெளிச்சத்தைப் போட்டு, 5 நொடி ஆனதும் பட்டையின் முதல் கட்டத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன். இன்னொரு 5 நொடி ஆனதும் இரண்டாம் கட்டம்வரை. அப்புறம் 10, 20, 40, 80, 160, 320 என்று ஒவ்வொரு தடவையும் அதுவரை ஓடிய மொத்த நேரத்தையே திரும்ப ஓடவிட்டு அட்டையை நகர்த்தினேன். பட்டையில் எட்டுக் கட்டம்: 5, 10, 20 என்று இரட்டித்துக்கொண்டே போய் 640 நொடியில் முடியும். கால் மணி நேரம் ஆறவிட்டு, டெவலப் செய்தேன்.

வெறும் தாள் பக்கம் 5 நொடிக் கட்டம் காணாமல் போயிருந்தது. 10 நொடியில் ரெசிஸ்ட் நின்றது. ஆக என் பெட்டியில் குறைந்தபட்சம் 10 நொடி, நல்ல எக்ஸ்போஷருக்கு எட்டு ஒன்பது மடங்கு வைத்தால் 80 முதல் 90 நொடி.

கறுப்புப் பக்கத்தில்தான் கதையே. முதல் கடைத் தாளில் 160 நொடிக் கட்டத்தில் படலம் தொடங்கியது, 320-ல் கெட்டியாக நின்றது. வெறும் தாளில் 10 நொடி செய்ததைக் கறுப்பின் அடியில் 320 நொடி செய்கிறது என்றால் அந்தக் கறுப்பு 32-ல் ஒரு பங்கு வெளிச்சத்தை விடுகிறது. இரண்டாவது கடைத் தாளில் 80 நொடியிலேயே படலம், 160-ல் கெட்டி. 16-ல் ஒரு பங்கு.

இப்போது நான்கு பலகைகளையும் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் தாளுக்கு எனக்கிருந்த சந்து 80-க்கு மேல் 160-க்குள். 180 கொடுத்தேன், படலம். இரண்டாவது தாளுக்குச் சந்தே இல்லை; டிராக் தாங்குவதற்கு வேண்டிய 80 நொடியில் கறுப்பும் கசிந்துவிடுகிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு 60, 70, 75 என்று எந்த எண்ணைத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது, என் மேல்தான். 'எத்தனை நொடி' என்று ஊரெல்லாம் கேட்டேன், 'எவ்வளவு கறுப்பு' என்று ஒருவரையும் கேட்கவில்லை.

மருந்து எளிது. முதல் கடையிலேயே அடர்த்தியைக் கடைசிவரை ஏற்றி, ஒரே படத்தை இரண்டு தாள் எடுத்தேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக, லென்ஸ் வைத்துப் பார்த்துப் பொருத்தி ஓரத்தில் செல்லோடேப் ஒட்டினேன். 32-ல் ஒரு பங்கு இரண்டு தடவை என்றால் ஆயிரத்தில் ஒன்று. சோதனைப் பட்டையில் 640 நொடிக்கும் கறுப்பின் அடியில் துளி நீலம் இல்லை. ஒற்றைத் தாளில் ஊசிமுனையாகத் தெரிந்த ஓட்டைகளும் இரண்டாவது தாளால் அடைபட்டன. தாள்கள் 0.1 மி.மீ. நகர்ந்தால் டிராக்கின் அகலம் அவ்வளவு குறையும், அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

மூலைகள்

மூன்றாவது பலகையின் மூலைகள் ஏன் கழன்றன? அதே பட்டைச் சோதனையைக் கண்ணாடியின் மூலையில் வைத்துச் செய்தேன். நடுவில் 10 நொடிக்கு நின்றது இங்கே 20 நொடிக்குத்தான் நின்றது. மூலைக்குப் பாதி வெளிச்சம். அப்படியென்றால் 90 நொடி கொடுத்த மூன்றாவது பலகையின் மூலைகள், நடுவில் 45 நொடி கொடுத்த இரண்டாவது பலகைக்குச் சமம். இரண்டும் ஒரே மாதிரி நூல் நூலாகக் கழன்றதில் ஆச்சரியம் என்ன?

காரணம் வெறும் வடிவக் கணக்கு. விளக்குப் பரப்பின் நடுவில் இருக்கும் புள்ளிக்கு நாலாபக்கமும் இருந்து வெளிச்சம் வருகிறது. ஓரத்தில் இருப்பதற்கு ஒரு பக்கம் வெறும் இருட்டு. மூலைக்கு இரண்டு பக்கம் இருட்டு. என் விளக்குப் பரப்பு பலகையைவிடக் கொஞ்சம்தான் பெரியது, அதனால் பலகையின் மூலை விளக்கின் மூலைக்கு மேலேயே வந்துவிட்டது. மிச்சமிருந்த பட்டையை எடுத்து 30 செ.மீ. நீளத்தில் 13 வரிசையாகப் புதிதாக ஒட்டினேன். இப்போது 100-க்கு 80 பலகையின் மூலையிலும் நடுவிலும் 10 நொடிக் கட்டம் ஒரே மாதிரி நிற்கிறது.

டிராயரின் சுவர்களில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினாலும் மூலை வெளிச்சம் ஏறும். விளக்குப் பரப்பு கண்ணாடியில் தெரிவதுபோல் நீண்டுவிடும். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யவில்லை, அதற்குக் காரணம் அடுத்து வருகிறது.

சாய்ந்து வரும் வெளிச்சம்

பரப்பைப் பெரிதாக்கும்போது ஒரு தொல்லையும் சேர்ந்தே வருகிறது. தூரத்து விளக்குகளின் வெளிச்சம் சாய்ந்து வந்து கறுப்பின் விளிம்புக்கு அடியில் நுழையும். எவ்வளவு நுழையும் என்பது கறுப்புக்கும் ரெசிஸ்டுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது.

ஓஹெச்பி தாள் சுமார் 100 மைக்ரான் தடிமன் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). ரெசிஸ்டின் மேல் தாள் ஒரு 20 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். டோனர் பக்கம் விளக்கைப் பார்த்து இருந்தால் கறுப்புக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவே 120 மைக்ரான் பிளாஸ்டிக். 45 பாகை சாய்வில் வரும் கதிர் பிளாஸ்டிக்கில் நுழைந்ததும் வளைந்து சுமார் 26 பாகையாகும். 120 மைக்ரான் கீழே இறங்குவதற்குள் பக்கவாட்டில் 60 மைக்ரான் போய்விடும். 250 மைக்ரான் இடைவெளியில் இரண்டு பக்கமும் 60 போனால் மிச்சம் 130. அதே தாளைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்து, டோனர் பக்கம் ரெசிஸ்டைத் தொடும்படி வைத்தால் நடுவில் வெறும் 20 மைக்ரான், நுழைவது 10 மைக்ரான். இடைவெளி 230 மைக்ரான் மிஞ்சும். பிம்பத்தைத் திருப்பி அச்சடிக்க ஒரு டிக் போதும், செலவு ஒன்றுமில்லை.

எனக்கு நிஜமாகவே புதிதாக இருந்தது காற்றின் கணக்கு. தாள் லேசாக மேலெழும்பி 0.2 மி.மீ. காற்றிடைவெளி விழுந்தால் அங்கே கதிர் வளையாது. 45 பாகையிலேயே போய் 200 மைக்ரான் பக்கவாட்டில் நுழையும். 250 மைக்ரான் இடைவெளியில் இரண்டு பக்கமும் 200! பிளாஸ்டிக்கைவிடக் காற்று பொல்லாதது. ஜெராக்ஸ் சூட்டில் தாள் சுருண்டு வருவது சகஜம் என்பதால் பலகையின் முதுகில் ஸ்பாஞ்சு வைத்து, அதன் மேல் இரண்டு தடிப் புத்தகங்களை ஏற்றுகிறேன். அலுமினியத் தாள் ஒட்டாததும் இதற்காகத்தான். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமெல்லாம் சாய்வு வெளிச்சம்.

பாசிடிவ் பலகை வைத்திருப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். வெளிச்சம் பட்ட இடம் கரையும், அதனால் சாய்வு வெளிச்சம் இடைவெளியை அடைக்காமல் டிராக்கைத் தின்னும்.

ஐந்தாவது பலகை: புது விளக்குப் பரப்பு, இரட்டைத் தாள், டோனர் கீழே, புத்தகச் சுமை, 90 நொடி. முதல் முயற்சியிலேயே 32 கால்களும் தனித்தனியாக வந்தன. லென்ஸில் பார்த்தபோது 0.25 டிராக் 0.25-ஆகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஃபெர்ரிக் குளோரைடும் தன் பங்குக்கு ஓரத்தைக் கடிக்கும். ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஷார்ட் இல்லை, அறுந்ததும் இல்லை.

ஆறாவது பலகை

அதே பெட்டி, அதே மாதிரி இரட்டைத் தாள், அதே 90 நொடி. நடுவிலும் ஓரத்திலும் நீலப் படலம். ஒரு மணி நேரம் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். அடாப்டரின் வோல்ட்டை அளந்தேன், எல்இடி ஒவ்வொன்றாக எரிகிறதா என்று எண்ணினேன்.

கடைசியில் வெளிச்சமே படாத ஃபிலிம் துண்டு ஒன்றை டெவலப்பரில் போட்டேன். வெளிச்சம் படவில்லை என்றால் அது ஒரு நிமிடத்தில் கரைந்து வெறும் செம்பு தெரிய வேண்டும். நாலு நிமிடமாகியும் அது குத்துக்கல் மாதிரி இருந்தது. வெளிச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சலவைச் சோடா தீர்ந்துவிட்டது என்று வீட்டில் வேறொரு டப்பாவில் இருந்த வெள்ளைப் பொடியைக் கரைத்திருந்தேன். அது ஆப்ப சோடா. பெயரில் சோடா இருக்கிறதே தவிர, பைகார்பனேட்டுக்கு ரெசிஸ்டைக் கரைக்கும் காரம் போதாது. அவசரத்துக்கு அதையே இரும்பு வாணலியில் வறுத்தால் கார்பனேட்டாக மாறிவிடும். 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்சும்.

குறைவாக டெவலப் ஆனதும் கூடுதலாக வெளிச்சம் பட்டதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் இதில் உள்ள பொறி. அந்த வெறும் ஃபிலிம் துண்டுச் சோதனையை இப்போது ஒவ்வொரு தடவையும் முதலில் செய்துவிடுகிறேன். துண்டு எத்தனை நொடியில் கரைகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு நேரம் பலகைக்கு. கரைசல் அளவு லிட்டருக்கு 10 கிராம், சூடு 30 பாகை. சென்னை மே மாதத்தில் அதற்காக அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. சலவைச் சோடா பொடியாக இருந்தால்தான் இந்த 10 கிராம்; கண்ணாடிக் கல் மாதிரி கட்டியாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர், 27 கிராம் போட வேண்டும். கரைப்பதற்கு கேன் தண்ணீர் நல்லது, போர் தண்ணீரில் கரைத்தால் பால்போல் வெளுத்து சோடாவின் ஒரு பகுதி வீணாகும். கடைசியில் அலசுவதற்குப் போர் தண்ணீர்தான் மேல். உப்புத்தண்ணீரில் ரெசிஸ்டின் ஓரம் கொஞ்சம் இறுகி நிற்கும்.

ஏழாவது பலகை சரியாக வந்தது. அதில்தான் இப்போது கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவதில் ஒரு கெபாசிட்டரின் கால்கள் பதியும் இடத்தை நானே தப்பாக வரைந்திருந்தேன், அதற்கு வெளிச்சம் என்ன செய்யும்?

டிராயர் மூடியின் உள்பக்கம் ஒரு பேப்பர் டேப் ஒட்டி, சுருள் வாங்கிய தேதியையும் 90 என்ற எண்ணையும் எழுதி வைத்திருந்தேன். போன மாதம் அந்தச் சுருள் தீர்ந்து புதிது வாங்கினேன். கடைக்காரர் அதே சரக்குதான் என்றார். பட்டைச் சோதனையில் 10 நொடிக் கட்டம் அரைகுறையாகக் கரைந்து, 20 நொடிக் கட்டம் கெட்டியாக நின்றது. நடுவில் 12, 14 என்று இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுப் பார்த்தேன். 12 நொடி ஊசலாடியது, 14 நின்றது. 90-ஐ அடித்துவிட்டு 120 என்று எழுதியிருக்கிறேன்.